படகு தேறியது, டார்பிடோ தோற்றது: பசிபிக் போரில் அமெரிக்க நீர்மூழ்கிகள்

2024 மே மாதம் அமெரிக்கக் கடற்படை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கு அப்பால், 3,000 அடிக்கும் கீழே கடல் தரையில் கிடக்கும் சிதைவு ‘ஹார்டர்’ என்ற நீர்மூழ்கிக் கப்பலுடையதுதான் என்று அது உறுதிசெய்தது. 1944 ஆகஸ்ட் 24 அன்று 79 பேருடன் மூழ்கிய கப்பல் அது. அந்தச் செய்தியில் ‘தொலைந்த 52’ என்ற பெயரும் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 52. அவற்றைத் தேடும் திட்டத்தின் பெயர் அது.

செய்தியைப் படித்தவர்களுக்குச் சில கேள்விகள் எழுந்திருக்கும். அந்தப் போரின் நீர்மூழ்கிகள் என்றதும் பெரும்பாலோருக்கு ஜெர்மனியின் யு-போட்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்கா 52 கப்பல்களை இழக்கும் அளவுக்கு அவற்றை எங்கே, எதற்காக அனுப்பியது? அவை சாதித்தது என்ன?

பிரிட்டனுக்குச் செல்லும் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்து அந்தத் தீவு நாட்டைப் பட்டினி போட ஜெர்மனி முயன்று தோற்றது. அதே வேலையை மற்றொரு தீவு நாடான ஜப்பானிடம் அமெரிக்கா செய்து வென்றது. ஆனால் போர் தொடங்கி ஏறத்தாழ 21 மாதங்கள் வரை அமெரிக்க நீர்மூழ்கிகளின் முதன்மை ஆயுதம் ஒழுங்காக வேலை செய்யவில்லை. படகு அருமையாக அமைந்தது, அதில் ஏற்றிய டார்பிடோ, அதாவது நீருக்கடியில் தானே ஓடிச் சென்று கப்பலைத் தாக்கி வெடிக்கும் ஆயுதம், மோசமாக அமைந்தது. ஒரே கடற்படையில் இவ்விரண்டும் எப்படி நடந்தன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

அன்றைய நீர்மூழ்கி எப்படிப்பட்டது?

இன்றைய அணுசக்தி நீர்மூழ்கி மாதக்கணக்கில் நீருக்கடியிலேயே இருக்கும். 1940-களின் நீர்மூழ்கியை அப்படி எண்ணிக்கொள்ளக் கூடாது. அது நீரின் மேல் ஓடும் கப்பல். தேவைப்படும்போது மட்டும் மூழ்கத் தெரிந்த கப்பல். காரணம் காற்று.

1. டீசல் என்ஜின் ஓடக் காற்று வேண்டும். எனவே அது நீரின் மேல் மட்டுமே ஓடும்.

2. மூழ்கியபின் மின்மோட்டார்தான் கப்பலை நகர்த்தும். அதற்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வர வேண்டும். அமெரிக்கக் கப்பலில் 252 மின்கலங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ முக்கால் டன் எடை.

3. பேட்டரி தீர்ந்தால் மேலே வந்தே ஆக வேண்டும். அதனால் பகலில் மூழ்கிக் காத்திருப்பதும், இருட்டியபின் மேலே வந்து பேட்டரிக்கு மின்னேற்றுவதும் வழக்கமாயிற்று.

அமெரிக்கா போரில் பெரிதும் நம்பிய ‘கேட்டோ’ வகுப்புக் கப்பலை எடுத்துக்கொள்வோம். நீளம் 95 மீட்டர். மேற்பரப்பில் வேகம் 21 நாட், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர். மூழ்கினால் 9 நாட். அந்த வேகத்தில் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும். 2 நாட் வேகத்தில் ஊர்ந்தால் 48 மணி நேரம் தாங்கும். மேற்பரப்பில் 10 நாட் வேகத்தில் சென்றால் எரிபொருள் நிரப்பாமல் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் போகலாம்.

அந்த 20,000 கிலோமீட்டர்தான் இந்தக் கப்பலின் பிறப்புக்கே காரணம். ஹவாயின் பேர்ல் ஹார்பரிலிருந்து டோக்கியோ 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. போக வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், திரும்ப வேண்டும். எதிரியின் கடற்பரப்பில் நட்புத் துறைமுகம் எதுவும் கிடையாது.

நல்ல படகு எப்படி வந்தது?

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா கட்டிய பெரிய நீர்மூழ்கிகள் பல சரியாக அமையவில்லை. என்ஜின்கள் பழுதாயின, உருவம் பெருத்து, மூழ்குவதற்கு நேரம் பிடித்தது. 1938-இல் நீர்மூழ்கி அதிகாரிகளின் குழு ஒன்று தங்களுக்கு என்ன வேண்டும் என்று தாங்களே எழுதிக் கொடுத்தது. சார்லஸ் லாக்வுட் அதன் முன்னணியில் இருந்தார். கப்பல் வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ மெக்கீ அதற்கு வரைபடம் தந்தார். கடற்படையின் உயர் ஆலோசனை அவைக்குத் தலைமை வகித்த அட்மிரல் தாமஸ் ஹார்ட் சிறிய, எளிய படகுகளையே விரும்பினார். குளிர்சாதன வசதி அவருக்கு ஆடம்பரமாகத் தோன்றியது.

கடலில் இருந்தவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. வெப்பமண்டலக் கடலில், மூடிய இரும்புக் கூட்டுக்குள், அறுபது எழுபது பேரின் மூச்சும் வியர்வையும் நீர்த்துளிகளாகச் சுவரில் படியும். மின்கம்பிகளில் சொட்டிக் குறுக்குமின்சாரம் உண்டாக்கும். குளிர்சாதனம் அந்த ஈரத்தை உறிஞ்சியது. மனிதர்களுக்கு இதமளித்ததைவிட மின்கருவிகளைக் காப்பாற்றியதே பெரிது.

இழுபறிக்குப் பின் அதிகாரிகளின் பட்டியல் ஏற்கப்பட்டது. அதிலிருந்து ‘டாம்போர்’ வகுப்பும், அதை மெருகேற்றிய ‘கேட்டோ’ வகுப்பும் பிறந்தன. அவற்றின் சிறப்புகளில் மூன்றைச் சொல்லியாக வேண்டும்.

1. டீசல்–மின் இயக்கம். நான்கு டீசல் என்ஜின்களில் எதுவும் கப்பலின் சுழலியோடு நேரடியாக இணைந்திருக்கவில்லை. அவை ஜெனரேட்டரைச் சுழற்றின. அந்த மின்சாரம் மோட்டாரை ஓட்டியது. டீசல் ரயில் என்ஜின் இயங்குவதும் இதே முறையில்தான். உண்மையில் 1930-களில் ரயில் பாதைக்காகவும் கடற்படைக்காகவும் ஒருசேர வளர்ந்த தொழில்நுட்பம் இது. இரண்டு என்ஜின்கள் கப்பலை ஓட்ட, மற்ற இரண்டும் பேட்டரிக்கு மின்னேற்றலாம்.

2. பத்து டார்பிடோக் குழாய்கள். முன்புறம் 6, பின்புறம் 4, மொத்தம் 24 டார்பிடோக்கள். எதிரியை நோக்கிப் பாய்ந்து சுடலாம்; திரும்பி ஓடும்போதும் சுடலாம்.

3. டார்பிடோக் கணிப்பான். எதிரிக் கப்பல் எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது, டார்பிடோ அதைச் சந்திக்க எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்பதைப் பற்சக்கரங்களாலும் மோட்டார்களாலும் கணக்கிட்ட இயந்திரம் இது. மற்ற நாடுகளிடமும் இலக்குக் கோணம் கணிக்கும் கருவிகள் இருந்தன. அமெரிக்கக் கருவியின் தனித்தன்மை, இலக்கு நகர நகரக் கணக்கை விடாமல் புதுப்பித்து, டார்பிடோவின் திசைக்கருவிக்கு விடையை உடனுக்குடன் அனுப்பிக்கொண்டே இருந்தது. மின்னணுக் கணினிகள் புழக்கத்துக்கு வராத காலத்தில், அலையில் ஆடும் கப்பலுக்குள் இது நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கேட்டோ வகுப்பில் 77 கப்பல்கள் கட்டப்பட்டன. பின்னர் வந்த ‘பாலாவோ’ வகுப்பு வலுவான எஃகால் ஆனது. மூழ்கத்தக்க ஆழம் 300 அடியிலிருந்து 400 அடியாக உயர்ந்தது. கடலே இல்லாத விஸ்கான்சின் மாநிலத்தின் மானிடோவாக் நகரில் மட்டும் 28 நீர்மூழ்கிகள் உருவாயின. மானிடோவாக் ஆற்றில் பக்கவாட்டாக இறக்கப்பட்ட அவை, மிதக்கும் மேடையில் ஏறி மிசிசிப்பி ஆற்றின் வழியே கடலுக்குப் போய்ச் சேர்ந்தன.

டார்பிடோவில் என்ன கோளாறு?

இந்தக் கப்பல்களுக்கான ஆயுதம் ‘மார்க் 14’ டார்பிடோ. 21 அங்குல விட்டம். 46 நாட் வேகத்தில் 4 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அதன் முனையில் ‘மார்க் 6’ என்ற வெடிதூண்டி இருந்தது. அது இரு வழிகளில் வெடிக்க வல்லது. கப்பலின் பக்கத்தில் மோதினால் வெடிக்கும். மோதாமல் அடியில் கடந்தாலும், கப்பலின் இரும்பு உடல் புவியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் மாற்றத்தை உணர்ந்து வெடிக்கும். அடியில் நிகழும் வெடிப்பு கப்பலின் முதுகெலும்பையே முறித்துவிடும். ஒரு டார்பிடோவுக்கு ஒரு கப்பல் என்பது கணக்கு.

காகிதத்தில் இதற்கு இணையான ஆயுதம் இல்லை. ஆனால் 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஒரு டார்பிடோவின் விலை ஏறத்தாழ 10,000 டாலர். உண்மையான வெடிமருந்தோடு உண்மையான கப்பல்மீது ஏவிப் பார்ப்பதை, கடற்படையின் ஆயுதங்களுக்குப் பொறுப்பான படைக்கல அலுவலகம் வீண்செலவாகக் கருதியது. காந்தத் தூண்டி இரகசியம் என்பதால் அதைக் கையாளப் போகும் மாலுமிகளுக்கே போர் நெருங்கும் வரை விவரம் சொல்லப்படவில்லை.

1941 டிசம்பரில் ‘சார்கோ’ நீர்மூழ்கி ஆறு தாக்குதல்களில் 13 டார்பிடோக்களை ஏவியது. ஒரு கப்பலும் மூழ்கவில்லை. மற்ற நீர்மூழ்கிகளின் தலைவர்களிடமிருந்தும் இதே புகார் வந்தது. குறி சரியில்லை, ஆட்களுக்குப் பயிற்சி போதவில்லை என்பதே ரோட் ஐலண்டின் நியூபோர்ட் டார்பிடோ நிலையமும் படைக்கல அலுவலகமும் தந்த பதில்.

உண்மையில் கோளாறு மூன்று. ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்ததால், ஒன்றை நீக்கிய பிறகே அடுத்தது கண்ணுக்குத் தெரிந்தது.

1. ஆழம். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டிலில் பொறுப்பேற்றிருந்த லாக்வுட், 1942 ஜூன் 20 அன்று ஆல்பனி அருகே ஒரு விரிகுடாவில் மீன்பிடி வலையைத் தொங்கவிட்டார். ‘ஸ்கிப்ஜாக்’ நீர்மூழ்கி அதன்மேல் டார்பிடோவை ஏவியது. 10 அடி ஆழத்தில் ஓடும்படி அமைத்தது, 25 அடி ஆழத்தில் வலையைக் கிழித்திருந்தது. சராசரியாக 11 அடி கூடுதல் ஆழம். காரணங்கள் இரண்டு. சோதனைகளில் பொருத்திய பயிற்சி முனையைவிடப் போர்முனை கனமானது. அடுத்து, ஆழத்தை அளக்கும் கருவி குறுகலான வால்பகுதியில் இருந்தது. ஓட்டத்தின்போது அங்கே நீரழுத்தம் குறைவதால், ஆழம் குறைவாக இருப்பதாக அது தவறாக உணர்ந்து டார்பிடோவை மேலும் கீழே இறக்கியது. சோதனை முறை சரியில்லை என்று அலுவலகம் முதலில் தள்ளியது. ஆகஸ்டில்தான் 10 அடி பிழையை ஒப்புக்கொண்டது.

2. காந்தத் தூண்டி. ஆழம் திருத்தப்பட்டதும், இலக்கை அடையும் முன்பே வெடிக்கும் டார்பிடோக்கள் பெருகின. புவியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒரே சாய்வில் இருப்பதில்லை. வடக்கே நியூபோர்ட்டில் கப்பலின் அடியில் உணரப்படும் புலத்தின் வடிவம், நிலநடுக்கோட்டுக் கடலில் மாறிவிடுகிறது. 1943 ஜூன் 24 அன்று பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் தம் கட்டளையில் இருந்த கப்பல்களில் காந்தத் தூண்டியைச் செயலிழக்கச் செய்ய உத்தரவிட்டார். ஆனால் ஃப்ரீமேண்டிலில் லாக்வுட்டுக்குப் பின் பொறுப்பேற்ற ரால்ஃப் கிறிஸ்டி, அந்தக் கருவியின் உருவாக்கத்திலேயே பங்கெடுத்தவர். அவர் அதைக் கைவிட மேலும் பல மாதங்கள் ஆயின.

3. மோதல் தூண்டி. 1943 ஜூலை 24 அன்று, பசிபிக்கில் ஜப்பானியத் தளமாக இருந்த ட்ரூக் தீவுகளுக்கு அருகே ‘டினோசா’ நீர்மூழ்கி, ‘டோனான் மாரு எண் 3’ என்ற 19,000 டன் எண்ணெய்க் கப்பலைக் கண்டது. தொடக்கத்தில் வெடித்தவை அந்தக் கப்பலை நகரவிடாமல் நிறுத்திவிட்டன. தலைவர் டஸ்பிட் வசதியான இடத்தில், கப்பலுக்குச் செங்குத்தாக நின்று, ஒவ்வொன்றாக ஏவினார். 11 டார்பிடோக்கள் மோதியும் வெடிக்கவில்லை. கடைசி ஒன்றை ஏவாமல் பேர்ல் ஹார்பருக்குக் கொண்டுவந்தார்.

அப்போது அங்கே தலைமையில் இருந்தவரும் லாக்வுட்தான். ஹவாயின் கஹோலாவே தீவுப் பாறைச்சுவரில் டார்பிடோக்களை ஏவச் சொன்னார். வெடிக்காத ஒன்றை மீட்டுப் பிரித்துப் பார்த்தபோது வெடியூசி வளைந்திருந்தது. பின்னர் வெடிமருந்து இல்லாத முனைகளை 90 அடி உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின்மேல் போட்டார்கள். செங்குத்தாக விழுந்த பத்தில் ஏழு செயல்படவில்லை. சாய்வான தகட்டில் அந்தத் தோல்வி பாதியாகக் குறைந்தது. பழைய, வேகம் குறைந்த டார்பிடோவுக்காக அமைந்த ஊசி, 46 நாட் வேகத்தின் நேரடி மோதலைத் தாங்கவில்லை. குறி எவ்வளவு துல்லியமோ அவ்வளவு நிச்சயமாக டார்பிடோ பொய்த்தது.

திருத்தம் எளியது: எடை குறைந்த உலோகத்தில் ஊசி. பேர்ல் ஹார்பர் பட்டறையே அதைச் செய்தது. உயிரைப் பணயம் வைத்து எதிரியின் துறைமுக வாசல்வரை சென்றவர்களின் சொல்லைவிடத் தங்கள் வரைபடத்தை அலுவலகம் நம்பிய அந்த 21 மாதங்களுக்கு எந்த விளக்கமும் போதுமானது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மீன்வலையும் ஒரு பாறைச்சுவரும் காட்டியதைப் போருக்கு முன்பே கண்டிருக்க முடியும்.

சரக்குக் கப்பல்களை எச்சரிக்காமல் தாக்கலாமா?

இதில் பலருக்கும் குழப்பம் உண்டு. 1930-இன் லண்டன் கடற்படை ஒப்பந்தப்படி, வணிகக் கப்பலை மூழ்கடிக்கும் முன் அதிலிருப்பவர்களைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவும் அதில் கையெழுத்திட்ட நாடு. ஆனால் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட 1941 டிசம்பர் 7 அன்றே, ஜப்பானுக்கு எதிராக வரம்பற்ற வான், நீர்மூழ்கிப் போரை நடத்த வாஷிங்டன் உத்தரவிட்டது. போருக்குப் பின் நியூரம்பர்க்கில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் ஜெர்மன் அட்மிரல் டோனிட்ஸ்மீது இதே குற்றச்சாட்டு வந்தபோது, அமெரிக்காவும் பசிபிக்கில் முதல் நாளிலிருந்து அப்படியே செய்தது என்று நிமிட்ஸ் எழுத்துமூலம் சாட்சியம் அளித்தார். டோனிட்ஸ் வேறு குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார். கடற்போர் விதிமீறல் அவருடைய தண்டனைக்கு அடிப்படையாக்கப்படவில்லை.

1943-க்குப் பின் என்ன மாறியது?

டார்பிடோ சரியானது ஒன்று. கூடவே வேறு சிலவும் சேர்ந்தன.

1. ரேடார். 1942-இலிருந்து பொருத்தப்பட்ட எஸ்.ஜே. ரேடார், இருளிலும் மழையிலும் கப்பல்களைக் காட்டியது. நீர்மூழ்கிகள் இரவில் மேற்பரப்பிலேயே, தம் முழு வேகத்தில் தாக்கத் தொடங்கின.

2. இரகசியக் குறியீடு. 1943-இன் தொடக்கத்தில் ஜப்பானின் சரக்குக் கப்பல் போக்குவரத்துக் குறியீடு உடைக்கப்பட்டது. கப்பல் கூட்டம் நண்பகலில் எங்கே இருக்கும் என்பது ஹவாயில் தெரிந்துவிடும். பரந்த பசிபிக்கில் தேடி அலையும் வேலை குறைந்தது.

3. தலைவர்கள். அமைதிக்காலத்தில் எச்சரிக்கையே நற்பண்பு என்று பழகிய மூத்தவர்கள் பலர் 1942-இல் மாற்றப்பட்டனர். துணிந்த இளையவர்கள் வந்தனர்.

1942-இல் ஏறத்தாழ 180 கப்பல்களை மூழ்கடித்த படை, 1944-இல் ஏறத்தாழ 600 கப்பல்களை மூழ்கடித்தது. ஜப்பான் தன் வணிகக் கப்பல்களைக் காக்கத் தனிக் கட்டளையகம் அமைத்ததே 1943 நவம்பரில்தான். எதிரியின் போர்க்கப்பலை வெல்வதே கடற்படையின் வேலை, சரக்கைக் காப்பது அன்று என்ற எண்ணம் அங்கே ஊறியிருந்தது.

போர்க்கப்பல்களும் தப்பவில்லை. 1944 ஜூன் 19 அன்று ஒரே நாளில் ‘தாய்ஹோ’, ‘ஷோகாகு’ என்ற இரு விமானந்தாங்கிகள் நீர்மூழ்கிகளால் வீழ்ந்தன. நவம்பர் 29 அன்று ‘ஆர்ச்சர்ஃபிஷ்’ மூழ்கடித்த ‘ஷினானோ’, நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்த கப்பல்களிலேயே மிகப் பெரியது. ஆயினும் போரின் போக்கைத் திருப்பியவை எண்ணெய், அரிசி, இரும்புத்தாது ஏற்றிய சாதாரணக் கப்பல்களின் இழப்புகள்தான். போருக்குப் பிந்திய அமெரிக்கக் கணக்கின்படி, ஜப்பான் இழந்த வணிகக் கப்பல் எடையில் ஏறத்தாழ 55 விழுக்காடு நீர்மூழ்கிகளால் போனது. அமெரிக்கக் கடற்படை ஆட்பலத்தில் அந்தப் பிரிவு 2 விழுக்காடுகூட இல்லை.

அதற்குக் கொடுத்த விலை

வேட்டைக்குப் போனவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் திரும்பவில்லை. ஏறத்தாழ 3,500 பேர். பெரும்பாலான கப்பல்கள் தொலைந்தன என்பது, அவை வரவேண்டிய நாளில் வராததால் மட்டுமே தெரிந்தது. ‘டாங்’ கப்பலின் கதை தெரிகிறது, ஏனெனில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். 1944 அக்டோபர் 25 அதிகாலையில் தைவான் நீரிணையில் அது ஏவிய கடைசி டார்பிடோ, வட்டமடித்துத் திரும்பி அதன்மீதே மோதியது. 78 பேர் இறந்தனர்.

கப்பலுக்குள் யார் இருந்தார்கள்?

பெரிஸ்கோப்பில் கப்பல் தெரியும். அதன் வயிற்றில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. 1943 ஜனவரி 26 அன்று ‘வாஹூ’ மூழ்கடித்த ‘புயோ மாரு’வில் ஜப்பானியப் படையினரோடு, பஞ்சாப் ரெஜிமென்டைச் சேர்ந்த இந்தியப் போர்க்கைதிகளும் இருந்தனர். தலைவர் மார்ட்டன் எல்லோரையும் ஜப்பானியத் துருப்புகள் என்று எண்ணி, உயிர்காப்புப் படகுகள்மீதும் சுட உத்தரவிட்டார். படகுகளிலிருந்து முதலில் சுட்டார்கள் என்பது வாஹூ தரப்பின் கூற்று. இந்தியர்களில் 195 பேர் இறந்தனர். 1944 ஆகஸ்ட் 22 அன்று ‘போஃபின்’ மூழ்கடித்த ‘சுஷிமா மாரு’வில் ஒகினாவாவிலிருந்து வெளியேற்றப்பட்ட பள்ளிக் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த சயாம் மரண ரயில் தமிழர் வரலாற்றிலும் ஆறாத புண். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாக மடிந்த அந்தப் பாதையை ஜப்பான் போட்ட காரணத்திலும் நீர்மூழ்கிகளுக்குப் பங்கு உண்டு. மலாய் தீபகற்பத்தைச் சுற்றி ரங்கூனுக்குச் செல்லும் கடல்வழி, நேசநாட்டு நீர்மூழ்கிகளின் அச்சுறுத்தலுக்கு ஆளாகியிருந்தது. தரைவழி ஒன்று தேவைப்பட்டது.

அந்தப் பாதையில் வேலை செய்து உயிர் தப்பிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளை ஜப்பானுக்கு ஏற்றிச் சென்றன ‘ராகுயோ மாரு’, ‘கச்சிடோகி மாரு’ என்ற கப்பல்கள். 1944 செப்டம்பர் 12 அன்று தென்சீனக் கடலில் முதலாவதை ‘சீலயன்’ மூழ்கடித்தது, இரண்டாவதை ‘பாம்பனிடோ’. உள்ளே கைதிகள் இருப்பது அந்த மாலுமிகளுக்குத் தெரியாது. மூன்று நாள் கழித்து அதே பகுதிக்குத் திரும்பிய பாம்பனிடோ, எண்ணெய் பூசிய உடல்களோடு மரத்துண்டுகளைப் பற்றி மிதந்தவர்களைக் கண்டது. நெருங்கியபோது ஆங்கிலக் குரல் கேட்டது. எண்பது பேருக்கான அந்தக் கப்பலில் 73 பேரை ஏற்றினார்கள். சீலயன் 54 பேரை மீட்டது. பின்னர் விரைந்து வந்த ‘குவீன்ஃபிஷ்’, ‘பார்ப்’ கப்பல்கள் மேலும் 32 பேரை மீட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை யாராலும் எட்ட முடியவில்லை.

பாம்பனிடோ இன்று சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. டார்பிடோக் கணிப்பானும், பத்துக் குழாய்களும், அந்த 73 பேரைப் படுக்கவைத்த ஒடுங்கிய அறைகளும் உள்ளே இருக்கின்றன.